எத்தனை லிட்டர் பாத்திரம் வாங்கறது? கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கறத அளந்து பாருங்க

எங்க வீட்ல நாங்க ரெண்டே பேரு, ஆனா தனியா வந்ததும் நான் மொதமொதல்ல வாங்கின பாத்திரம் 8 லிட்டர். பெருசா இருந்தா எதுக்கும் ஆகும், சின்னதா வாங்கிட்டு அப்புறம் யாராவது வந்தா முழிக்கணும்னு ஒரு நெனப்பு. கொண்டுவந்த அன்னைக்கே ரெண்டு பேருக்கு அளவா பருப்பு வேக வெச்சேன், ஒரு போன் வந்துச்சு, பேசிட்டு திரும்பி வந்து பாத்தா தண்ணி சுத்தமா வத்திப்போய் அடியில கருப்பா ஒரு வட்டம், வீடு பூரா தீஞ்ச வாடை. அடுப்பு மேலயும் தப்பில்ல, பருப்பு மேலயும் தப்பில்ல. அந்தப் பாத்திரத்தோட வாய் 28 செ.மீ. அகலம், நான் ஊத்தினது முக்கா லிட்டர் தண்ணி, அப்புறமா உக்காந்து கணக்கு போட்டா அந்த அகலத்துக்கு தண்ணி நின்ன உயரம் வெறும் 1.2 செ.மீ. தான். அதே முக்கா லிட்டர 16 செ.மீ. பாத்திரத்துல ஊத்தியிருந்தா கிட்டத்தட்ட 3.7 செ.மீ. நின்னிருக்கும். அதோட, ஆவி மேல போறதுக்கான பரப்பு 28 செ.மீ.ல 16 செ.மீ.யப் போல மூணு மடங்கு, அதனால வத்தறதும் அந்தளவுக்கு வேகம். பருப்பு பாவம் என்ன பண்ணும்.

அதனால "வீட்ல எத்தனை பேரு?"ன்னு மட்டும் கேட்டு பாத்திரம் வாங்காதீங்க. அட்டையில "4 முதல் 5 பேருக்கு"ன்னு போட்டிருப்பாங்க, அந்த நாலு பேரும் எவ்ளோ சாப்பிடுவாங்க, ஒரே வேளைக்கா இல்ல மறுநாளைக்கும் சேத்தா, வேக வெச்சு தண்ணிய வடிக்கறவங்களா இல்ல தண்ணி வத்த விடறவங்களா, இதெல்லாம் அந்த அட்டைக்குத் தெரியாது. கேக்க வேண்டிய கேள்வி வேற: நீங்க அடிக்கடி சமைக்கறது, அது இருக்கறதுலயே பெருசா உப்பி நிக்கற நேரத்துல, எத்தனை லிட்டர் எடம் புடிக்குது? அவ்ளோதான். விருந்துக்கு எவ்ளோங்கறத இப்போதைக்கு மறந்துடுங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

இதக் கண்டுபுடிக்க ஒரு பழைய மரக்கரண்டியோ நீளமான குச்சியோ போதும். உங்ககிட்ட இப்ப இருக்கற பாத்திரத்துலயே அதிகமா பொழங்கறத எடுத்து வெச்சு, 1 லிட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சு ஊத்துங்க, குச்சிய நேரா உள்ள நிறுத்தி தண்ணி நனைச்ச எடத்துல ஒரு கோடு போடுங்க, இன்னொரு லிட்டர், இன்னொரு கோடு, விளிம்பு தொடற வரைக்கும். இப்ப அந்தக் குச்சி உங்களுக்கு அளவுகோல். (பாத்திரம் மாறினா கோடும் மாறும், அத மறந்துட்டு வேற பாத்திரத்துல விட்டுப் பாத்து நான் ஒரு தடவ கொழம்பினேன்.) அப்புறம் ஒரு வாரத்துக்கு, நீங்க வழக்கமா என்ன சமைப்பீங்களோ அதையே சமைங்க, ஆனா கொதிச்சு உசந்து வர்ற நேரத்துல எந்தக் கோடு வரைக்கும் வந்துச்சுன்னு மட்டும் பாத்து ஒரு காகிதத்துல எழுதி வெய்ங்க. ஏழு நாள்ல நாலு அஞ்சு நாள் ஒரே கோட்டுக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும் பாருங்க, ஆச்சரியமா இருக்கும், நாம தெனமும் வேற வேற சமைக்கறதா நெனைக்கறோம், அளவு பெருசா மாறறதே இல்ல. அந்த அளவோட அதுல பாதிய சேத்துக்கோங்க. 2 லிட்டர் கோடு வந்தா 3 லிட்டர் பாத்திரம். அதுதான் உங்க சைஸ்.

ஏன் அந்தப் பாதி? பாத்திரத்துல எழுதியிருக்கற லிட்டர் கணக்கு பெரும்பாலும் விளிம்பு வரைக்கும் தளும்பத் தளும்ப ஊத்தினா வர்றது. அப்படி யாரும் சமைக்க முடியாது. கொதிக்கறதுக்கு எடம் வேணும், கரண்டி விட்டு கிண்டினா வெளிய சிந்தாம இருக்கணும், தூக்கி நடந்தா கையில தளும்பி ஊத்தக் கூடாது. நுரை கட்டாத சூப் மாதிரி ஐட்டம்னா முக்கால் பாத்திரம் வரைக்கும் போகலாம், நுரைக்கற பருப்பு, அரிசி, பால் எல்லாம் பாதியத் தாண்டினாலே பக்கத்துல நின்னு பாத்துக்கணும். பால் கத வேற மாதிரி, சூடாகும்போது மேல ஏடு கட்டிடும், கீழ இருந்து வர்ற ஆவிக்கு வழி இருக்காது, ஏட்டையும் நுரையையும் சேத்து தூக்கிட்டு நாம கண்ண அந்தப் பக்கம் திருப்பின நொடியில வெளிய வந்துடும். 1 லிட்டர் பாலுக்கு 2 லிட்டர் பாத்திரம், இதுல கஞ்சத்தனம் பண்ணினா அடுப்பு தொடைக்கற வேலைதான் மிச்சம்.

லிட்டர் எழுதாம வெறும் செ.மீ. மட்டும் போட்டிருந்தா பயப்படாதீங்க. வாய் அகலத்துல பாதிய எடுத்து, அத அதாலயே பெருக்கி, 3.14ஆல பெருக்கி, உயரத்தால பெருக்கி, 1000ஆல வகுத்தா லிட்டர் வந்துடும். 20 செ.மீ. அகலம் 10 செ.மீ. உயரம்னா 3.1 லிட்டர். இங்கதான் நெறைய பேர் ஏமாறறது: 16 செ.மீ. அகலம் 8 செ.மீ. உயரம் இருக்கறது 1.6 லிட்டர் தான், அதாவது அகலத்துல வெறும் 4 செ.மீ.யும் உயரத்துல 2 செ.மீ.யும் கூடினா உள்ள புடிக்கறது கிட்டத்தட்ட ரெட்டிப்பு. 24க்கு 12னா 5.4 லிட்டர். ரெண்டையும் கடையில பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா கண்ணுக்கு "கொஞ்சம் பெருசு" அவ்ளோதான் தெரியும், நாமளும் "சரி பெருசாவே குடுங்க"ன்னு சொல்லிடுவோம். நான் 8 லிட்டர் வாங்கினதும் இப்படித்தான். இன்னொன்னு, மேல அகலமா அடியில குறுகலா இருக்கற பாத்திரத்துல இந்தக் கணக்கு கூடுதலா காட்டும், அதுக்கு வாய் அகலத்தையும் அடி அகலத்தையும் கூட்டி பாதியாக்கி அதப் போட்டுக்கோங்க, ஏறக்குறைய சரியா வரும்.

இப்ப எது எவ்ளோ உப்பும்ங்கற விஷயம். அரிசிய ஒரு ஆளுக்கு 75லேருந்து 100 கிராம்னு வெச்சுக்கலாம், வெந்ததும் ஒரு கப் ஏறக்குறைய மூணு கப் ஆகும். நாலு பேருக்கு 400 கிராம்னா பச்சையா அது அரை லிட்டர் அளவுக்கு இருக்கும், வெந்து ஒன்றரை லிட்டர் ஆகும், தண்ணி வத்த விட்டு வேக வைக்கறவங்களுக்கு 3 லிட்டர் பாத்திரம் தாராளம். அதே அரிசிய நெறைய தண்ணியில வேக விட்டு வடிக்கறவங்களா இருந்தா தண்ணியே ரெண்டரை மூணு லிட்டர் வேணும், அரிசியும் சேந்தா மூன்றரை, மேல எடம் விட்டா 5 லிட்டர். பாத்தீங்களா, அதே வீடு, அதே நாலு பேரு, அதே அரிசி, பாத்திரம் மட்டும் 3லேருந்து 5க்குப் போயிடுச்சு. பாஸ்தாவும் இதே கத, 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணிங்கறது பழக்கமான கணக்கு, நாலு பேருக்கு 400 கிராம்னா 4 லிட்டர் தண்ணி 6 லிட்டர் பாத்திரம் ஆயிடும், ஆனா என்னைக்கோ ஒரு நாள் பாஸ்தா செய்யறவங்க அதுக்காக 6 லிட்டர் வாங்க வேண்டாம், கம்மி தண்ணியில நடுநடுவுல கிளறி விட்டாலும் வெந்துடும். காஞ்ச பருப்பு, பயறு எல்லாம் ரெண்டு ரெண்டரை மடங்கு ஆகும். கீரை நேர் தலைகீழ், குவிச்சுப் போடும்போது பாத்திரத்துக்கு வெளிய நிக்கும், அஞ்சு நிமிஷத்துல ஒரு கைப்பிடி ஆயிடும், அதுக்காகவும் பெருசு வாங்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா சேத்தா போதும்.

குக்கர் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா இங்க சைஸ் தப்பானா அடிப்பிடிக்கறதோட நிக்காது. குக்கர்ல எழுதியிருக்கற லிட்டர்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல எப்பவும் போகக் கூடாது, அரிசி பருப்பு மாதிரி உப்பி நுரைக்கறதுன்னா பாதிதான், தண்ணியும் சேத்து பாதி. மேல போனா நுரையும் தோலும் ஏறி ஆவி போற துளைய அடைச்சுடும், அந்தத் துளை அடைஞ்சா உள்ள அழுத்தம் போறதுக்கு வழி இல்ல, சேஃப்டி வால்வு இருக்குன்னு தெம்பா இருக்காதீங்க, அது கடைசி காவல். அப்போ 3 லிட்டர் குக்கர்னா பருப்புக்கு உங்களுக்குக் கெடைக்கறது ஒன்றரை லிட்டர், 5 லிட்டர்னா ரெண்டரை. ரெண்டு பேருக்கு 3, நாலு பேருக்கு 5ங்கற கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வருது. ஆனா ரொம்பப் பெருசா வாங்கினாலும் தொல்லைதான், குக்கருக்குள்ள ஆவி நெறையறதுக்கு இவ்ளோ தண்ணியாவது இருக்கணும்னு கூட வர்ற புக்குல போட்டிருப்பாங்க, நீங்க ஒரு கைப்பிடி பருப்பு வேக வெச்சாலும் அந்தத் தண்ணி ஊத்தித்தான் ஆகணும், கடைசியில பருப்பு தண்ணிக்குள்ள நீச்சல் அடிக்கும். குக்கர் உள்ள சின்னப் பாத்திரம் அடுக்கி வேக வைக்கற ஆளா இருந்தா அந்தப் பாத்திரங்களோட அகலத்தையும் அடுக்கின உயரத்தையும் அளந்துட்டுப் போங்க, லிட்டர் சரியா இருந்தும் உள்ள எறங்காம திரும்பி வந்தவங்க நெறைய.

கடாய், வாணலி, தவா இதுக்கெல்லாம் லிட்டர் கணக்கே வேண்டாம், அகலம்தான். வதக்கற பொருள் ஒரு அடுக்கா பரவி நிக்கணும், ஒன்னு மேல ஒன்னு ஏறி நின்னா வதங்காது, விடற தண்ணியிலயே வெந்து சொதசொதன்னு ஆயிடும். ரெண்டு பேருக்கு 24 செ.மீ., நாலு பேருக்கு 28, அதுக்கு மேலனா ரெண்டு தடவையா வதக்கறது மேல்.

அடுத்தது அடுப்பு. பாத்திரத்துல போட்டிருக்கற செ.மீ. வாய் அகலம், ஆனா அடுப்புக்குத் தெரிஞ்சது அடி அகலம் மட்டும்தான், அதனால பாத்திரத்த கவுத்துப் போட்டு அடிய அளங்க. கேஸ் அடுப்புல தீ அடியத் தாண்டி பக்கவாட்டுல ஏறுச்சுன்னா அந்தச் சூடு வீட்டுக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்ல, கைப்பிடியும் சூடேறி உருகும். இண்டக்ஷன் வெச்சிருந்தா ரெண்டு தொல்ல: அடி ரொம்பச் சின்னதா, ஏறக்குறைய 12 செ.மீ.க்குக் கீழ இருந்தா பல அடுப்புங்க பாத்திரம் இருக்கறதாவே ஒத்துக்காது, பீப் பீப்னு கத்திட்டு அணைஞ்சுடும். ரொம்பப் பெருசா இருந்தா உள்ள இருக்கற காயில் அளவுக்கு நடுவுல மட்டும் கொதிக்கும், ஓரத்துல சும்மா வெதுவெதுன்னு கெடக்கும். காந்தம் அடியில ஒட்டுதான்னு பாக்கறத சொல்லவே வேண்டாம். ஒட்டலனா இண்டக்ஷன்ல அந்தப் பாத்திரம் சூடாகாது, அப்புறம் என்ன சைஸ் இருந்து என்ன பிரயோஜனம். அப்புறம் யாரும் அளக்காத ஒன்னு இருக்கு, ரெண்டு பர்னருக்கு நடுவுல எவ்ளோ தூரம்ங்கறது. ரெண்டு பாத்திரத்தோட அகலத்தையும் கூட்டி பாதியாக்குங்க, அது பர்னர்களோட மையத்துக்கு மையம் இருக்கற தூரத்தவிட அதிகமா இருந்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காராது, ஒன்ன ஒன்னு இடிச்சுக்கிட்டு நிக்கும். கைப்பிடி நீட்டிட்டு இருக்கறதுக்கு இன்னும் எடம் வேணும்.

பெரிய பாத்திரம் கேஸையும் நேரத்தையும் தின்னும்னு சொல்றாங்களே, அது பாத்திரத்தால மட்டும் இல்ல, பெருசா இருக்கறதால நாம கூடுதலா ஊத்தற தண்ணியால. 25 டிகிரியில இருக்கற 1 லிட்டர் தண்ணி கொதி வர்றதுக்கு, 1000 வாட்ஸ் சூடு சிந்தாம சிதறாம உள்ள போனாலும் 5 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். 5 லிட்டர்னா 26 நிமிஷம். நெஜத்துல சூடு வெளிய போறதால இன்னும் கூட ஆகும். அதனால மூடி இல்லாத பாத்திரம் வாங்காதீங்க, கண்ணாடியோ இரும்போ எதுவா இருந்தாலும் சரி, இறுக்கமா உக்கார்ற மூடி வேணும். ஒரு சின்ன ஐடியா: பாத்திரத்தோட அகலமும் கடாயோட அகலமும் ஒரே செ.மீ. வர்ற மாதிரி பாத்து வாங்கினா ஒரே மூடி ரெண்டுக்கும் ஆகும், ஷெல்ஃப்ல பாதி எடம் மிச்சம்.

கடையில தூக்கிப் பாக்கும்போது எல்லாப் பாத்திரமும் லேசுதான், ஏன்னா காலி. 1 லிட்டர் தண்ணி 1 கிலோ. 8 லிட்டர் பாத்திரத்துல 6 லிட்டர் இருந்தா 6 கிலோ, பாத்திரம் ஒரு ரெண்டு கிலோ, ஆக 8 கிலோ கொதிக்கற ஐட்டத்த அடுப்புலேருந்து எறக்கணும், இல்லனா சாய்ச்சு வடிக்கணும். உங்க வீட்ல சமைக்கறது யாரு? அவங்களுக்கு மணிக்கட்டு வலி இருக்கா, வயசு என்ன, சமையல் மேடை அவங்க உசரத்துக்கு எங்க வருது? வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல அவ்ளோ எடைக்கு ஒரு பக்கெட்ல தண்ணி புடிச்சு ரெண்டு கையாலயும் மேடை உயரத்துக்குத் தூக்கச் சொல்லிப் பாருங்க, மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுடும். வார்ப்பிரும்பு பாத்திரம் ஆசைப்படறவங்க ரெண்டு தடவ யோசிங்க, 5 லிட்டர் சைஸ் காலியாவே ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். 3 லிட்டருக்கு மேலனா ஒத்தக் கைப்பிடி வேண்டாம், ரெண்டு பக்கமும் காது வெச்சதா வாங்குங்க, நீளக் கைப்பிடியில நெறஞ்ச பாத்திரத்தத் தூக்கினா மணிக்கட்டு திருகிக்கும். பெருசா போகப் போக அடியும் கனமா இருக்கணும், மெல்லிசான ஸ்டீல் அடியில சூடு பரவாது, தீ படற எடத்துல தீயும், ஓரத்துல வேகாது. ஸ்டீலவிட அலுமினியம் பல மடங்கு வேகமா சூட்டக் கடத்தும், அதனாலதான் நல்ல ஸ்டீல் பாத்திரத்து அடியில நடுவுல அலுமினியத் தகடு வெச்சு அழுத்தியிருப்பாங்க.

சரி, விருந்தாளி வந்தா? வருஷத்துக்கு நாலு நாள் வர்றவங்களுக்காக மிச்சம் 361 நாளும் பெரிய பாத்திரத்தத் தேய்க்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ரெண்டு பாத்திரத்துல பிரிச்சு சமைங்க, ரெண்டு தடவையா சமைங்க, பக்கத்து வீட்ல கேளுங்க, கேட்டா குடுப்பாங்க. என்னோட யோசனை, ஒரே ஒரு பெரிய பாத்திரத்துக்கு பதிலா, ஒன்னுக்கு இன்னொன்னு கிட்டத்தட்ட ரெட்டிப்பு வர்ற மாதிரி ரெண்டு வாங்குங்க. தனி ஆள்னா 1, 2 லிட்டர். ரெண்டு பேர்னா ஒன்றரை, 3. நாலு பேர்னா 3லயும் 5லயும். ஆறுக்கு மேலனா 5, 8. கூட்டுக் குடும்பமா தெனமும் பத்துப் பேருக்கு சமைக்கறவங்களுக்கு என் கணக்கு தேவையே இல்ல, அவங்க கண்ணாலயே அளந்துடுவாங்க. மொத்தமா சமைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு மூணு நாள் ஓட்டறவங்க மட்டும் ஒரு சைஸ் கூட்டிக்கலாம், ஆனா அப்படியே பாத்திரத்தோட வெளிய ஆற விடாதீங்க, பெரிய பாத்திரம் நெறைய இருக்கற சாப்பாடு நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுன்னே கெடக்கும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். அகலமா ஆழம் கம்மியா இருக்கற டப்பாவுல பிரிச்சுப் போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க, வெந்த அரிசிக்கு இது ரொம்ப முக்கியம்.

கடைசியா கழுவறது. வாங்கப் போற சைஸுக்கு பழைய நியூஸ்பேப்பர்ல ஒரு வட்டம் வெட்டுங்க, 24 செ.மீ.னா 24, காது ரெண்டுக்கும் பக்கத்துக்கு ஒரு 4 செ.மீ. விட்டுக்கோங்க. அத சிங்க்குக்குள்ள வெச்சுப் பாருங்க, திருப்பித் தேய்க்க எடம் இருக்கா, கொழாய்க்கு அடியில நிமிந்து நிக்குமா. அப்புறம் ஷெல்ஃப்ல, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல. எங்க 8 லிட்டர் சிங்க்ல படுக்காது, ஷெல்ஃப் கதவ மூட விடாது, அத சாய்ச்சுப் புடிச்சு தேய்ச்சே ஒரு வருஷம் ஓடுச்சு, அப்புறம் வெங்காயம் கொட்டி வைக்கற பாத்திரமா மாத்திட்டோம். நீங்க கடைக்குப் போகும்போது அளவு எழுதி வெச்ச காகிதம், வெட்டின பேப்பர், ஒரு சின்னக் காந்தம், அளவு டேப் இதெல்லாம் பையில போட்டுக்கோங்க. ஷோரூம் நடுவுல நின்னு பாத்திரத்த கவுத்துப் போட்டு அளந்துட்டு இருந்தா கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டுப் போகட்டும், வீட்டுக்கு வந்து தேய்க்கப் போறது அவரு இல்லயே.